தண்ணி வடிஞ்ச பிறகு: ஏரலில் என் தையல் கடையை மீட்ட அனுபவம்

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் எங்காவது ஓர் ஊருக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. டிவியில் அதைப் பார்த்ததும் தெரிந்தவர்கள் யாராவது எனக்குப் போன் போடுகிறார்கள். "மதினி, எங்க தங்கச்சி வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணியாம், என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று கேட்பார்கள். போனில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. எனக்கு அன்று இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில், எவ்வளவு பணம் போனது, எதில் போனது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்குத் தூத்துக்குடி மாவட்டம் ஏரல் கடைத்தெருவில் வாடகைக்கு ஒரு தையல் கடை. வீடும் வாடகைதான், இரண்டு தெரு தள்ளி. என் கணவர் சவுதியில் இருக்கிறார். இங்கே நான், அத்தை, ஏழாவது படித்துக்கொண்டிருந்த மகன். 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. காலையில் பிடித்த மழை விடவே இல்லை. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் சராசரி மழையே ஏறத்தாழ அவ்வளவுதான். திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். மேலே பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் தண்ணீர், வழியெல்லாம் கொட்டிய மழைத் தண்ணீர், உடைந்த குளங்களின் தண்ணீர் எல்லாம் சேர்ந்து தாமிரபரணியின் கடைமடையில் இருக்கிற எங்கள் பக்கம்தான் வந்து சேர்ந்தது. இரவில் வாசல்படி ஏறிய தண்ணீர் விடியும் முன் கட்டில் உயரம் வந்துவிட்டது. வீட்டு ஓனர் மாடியில் இருந்து கூப்பிட்டதால் மூன்று பேரும் பிழைத்தோம். அத்தையை நாற்காலியில் வைத்துத் தூக்கித்தான் மேலே ஏற்றினோம்.

மாடியில் இருந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கரண்டு இல்லை, டவர் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு ரயில் நின்றுபோன செய்தி ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்த எங்களுக்கு அது தெரியாது. எங்கள் தெருவில் இத்தனை பேர் மாடியில் இருக்கிறோம் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. சவுதியில் இருந்த அவர் எங்களுக்கு என்ன ஆனதோ என்று சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் மகன் துண்டை ஆட்டுவான். சாப்பாட்டுப் பொட்டலம் சில சமயம் எங்கள் பக்கம் விழும், சில சமயம் தண்ணீரில் விழும். ஆனால் ஒன்று சொல்கிறேன்: அந்த நாட்கள் கஷ்டம்தான், என்றாலும் அது எல்லோருக்கும் ஒன்றான கஷ்டம். மாடியில் இருந்த எல்லாக் குடும்பமும் ஒரே பானையில் கஞ்சி வைத்துக் குடித்தோம். தண்ணீர் வடிந்து கீழே இறங்கிய பிறகு ஆரம்பித்ததுதான் அவரவர் தனியாகச் சுமக்க வேண்டியதாக இருந்தது.

கீழே இறங்கினதும் கை பரபரக்கும். சேற்றைப் பார்த்தால் உடனே வழித்துத் தள்ளத் தோன்றும். விளக்குமாறை எடுக்கும் முன் போனை எடுங்கள். சார்ஜ் இல்லையென்றால் டிராக்டர் பேட்டரியிலாவது போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் அப்படித்தான் செய்தோம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும், அதன் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் படம் எடுங்கள். கடை போர்டு தெரிகிற மாதிரி ஒன்று. மெஷின், பிரிட்ஜ், மோட்டார் எதுவானாலும் அதன் நம்பர் தகட்டைக் கிட்டத்தில் எடுங்கள். பிறகு வாசலில் இருந்து உள்ளே நடந்துகொண்டே, தேதியையும் இடத்தையும் வாயால் சொல்லி ஒரு வீடியோ. எடுத்ததை உடனே வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். என் பக்கத்துக் கடை அண்ணாச்சி மின்சாதனப் பொருள் வியாபாரம் செய்கிறவர். நனைந்த மிக்ஸி, ஃபேன், ஒயர் பெட்டிகளைச் சாலையில் குவித்து வைத்தார். துப்புரவு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. சேதத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தபோது கடை சுத்தமாக இருந்தது. "சரக்கு எங்க அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு அவரால் எதையும் காட்ட முடியவில்லை. குப்பையில் போடத்தான் வேண்டும் என்றாலும், போடும் முன் எண்ணி எழுதுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை மட்டுமாவது எடுத்து வையுங்கள்.

அந்த அண்ணாச்சி கதையில் இருந்துதான் இன்சூரன்ஸ் பற்றி நான் தெரிந்துகொண்டேன். அவருக்குக் கடன் கொடுத்த வங்கியே பாலிசி போட்டிருந்தது, பிரீமியம் வருஷா வருஷம் கணக்கில் பிடித்தமும் ஆகியிருந்தது. பாலிசித் தாளை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. சரக்கு சுமார் பத்து லட்சத்துக்கு இருந்தது, பாலிசி ஐந்து லட்சத்துக்குத்தான். அப்படிப் பாதி மதிப்புக்குப் போட்டிருந்தால், நஷ்டம் நாலு லட்சம் என்றாலும் அதில் பாதியைத்தான் கொடுப்பார்கள். இதற்குப் பேர் குறைக்காப்பீடு. வங்கிக் கடனோடு பாலிசி இருந்தால் இன்றைக்கே அதன் நகலைக் கேட்டு வாங்கி, வெள்ளம் அதில் சேர்ந்திருக்கிறதா, தொகை இப்போதைய சரக்குக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிறு கடைகளுக்கு "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்று 2021 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி கொடுக்கும் பாலிசி இருக்கிறது. வெள்ளமும் அதில் அடக்கம், 15 சதவீதம் வரை குறைவாகப் போட்டிருந்தாலும் பிடித்தம் இல்லை. வீட்டுக்கு "பாரத் கிருஹ ரக்ஷா". வாடகைக்கு இருக்கிறவர்களும் வீட்டுச் சாமானுக்கு மட்டும் அதை எடுக்கலாம். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என் இரண்டு வருஷக் கடன் பாதியாகக் குறைந்திருக்கும். பில் புத்தகம் நனைந்துபோய் சரக்குக்கு ஆதாரம் இல்லை என்று அண்ணாச்சி தவித்தபோது, ஜிஎஸ்டி தாக்கலும் வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த ஸ்டாக் பட்டியலும்தான் கைகொடுத்தன. கம்பெனி கொடுத்த தொகை நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் கம்பெனிக்கே எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளில் இருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

இனி என் கடை. ஷட்டரைத் தூக்க முடியவில்லை. உள்ளே சேறு அடைத்திருந்தது. நாலு பேர் கம்பியை விட்டு நெம்பித் தூக்கினார்கள். கட்டிங் மேசை மிதந்து போய் வாசலை மறித்துக் கிடந்தது. மூன்று தையல் மெஷின், ஓர் ஓவர்லாக் மெஷின், அயர்ன் பாக்ஸ், லைனிங் துணி ரோல்கள், ஃபால்ஸ் கட்டுகள், நூல்கண்டுப் பெட்டிகள் எல்லாம் சேற்றில். அதுகூடப் பரவாயில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்ட நேரம், அடுத்து பொங்கல். எங்கள் சுற்று வட்டாரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. கடை நிறைய வாடிக்கையாளர் துணி. பட்டுப்புடவைகூட ஃபால்ஸ் வைக்கக் கொடுத்திருந்தார்கள். ஒரு சாயம் இன்னொன்றில் ஏறி, வெள்ளைக் கவுன் துணியெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. அந்த வெள்ளைத் துணி ஒரு பிள்ளையின் புதுநன்மைக்கு, அதாவது சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கும் நாளுக்கு, கவுன் தைக்க வாங்கியது. அதைக் கையில் எடுத்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். தூத்துக்குடியில் இருந்து வந்த ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெள்ளத்தில் கிடந்த மெஷினைக் காயவிடக் கூடாது. காய்ந்தால் சேறு உள்ளே இறுகிவிடும், துருவும் ஏறிவிடும். மோட்டாரைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, மெஷின் தலையை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, வண்டல் போனதும் துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பிறகு மெஷின் ஆயிலை எல்லாத் துளையிலும் விட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் பாபின் கேஸைக் கழற்றியபோது ஷட்டிலுக்குள் சந்தனம் அரைத்து அப்பின மாதிரி வண்டல் ஏறியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ், ஊசி, காது குடையும் பஞ்சு என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்து நோண்டி எடுத்தேன். ஊசிக்குக் கீழே துணியை நகர்த்துகிற பல்லுக்கு இடையில் மட்டும் ஒரு மாலைப்பொழுது போனது. மூன்று மெஷினில் இரண்டு பிழைத்தன. ஓவர்லாக் பிழைக்கவில்லை. மோட்டாரை மட்டும் ஒருபோதும் நீங்களாக பிளக்கில் சொருகிப் பார்க்காதீர்கள். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் காய்ந்துவிட்டதா என்று மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகுதான் கரண்டு கொடுக்க வேண்டும். ஸ்கூட்டிக்கும் அதேதான். நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கி, பிஸ்டனைத் தள்ளுகிற ராடு வளைந்துவிடலாம்; முழு இன்சூரன்ஸ் இருந்தால்கூட, அப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லி மறுக்க இடம் இருக்கிறது. தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது.

வாடிக்கையாளர் துணி விஷயத்தில் என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. யார் துணி எது என்று எழுதிவைத்திருந்த நோட்டு கூழாகிப் போயிருந்தது. அளவு நோட்டும் போய்விட்டது. வருஷக்கணக்காகச் சேர்த்த அளவுகள், யாருக்குத் தோள் இறக்கம், யாருக்குக் கை லூஸ் என்பதெல்லாம் அதில்தான். துணிகளை ஆற்றுத் தண்ணீரில் அலசி, மாடியில் காயப்போட்டு, போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டேன். எல்லோர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்ததால் பெரும்பாலானவர்கள், "நீ என்னட்டி செய்வ, விடு" என்று சொன்னார்கள். தண்ணீர் போகாத ஊர்க்காரர்கள் சிலர் காசு கேட்டார்கள். கேட்டது தப்பில்லை, அவர்கள் பொருள். 30,000 ரூபாய்க்கு மேல் தவணையில் கொடுத்தேன். இப்போது துணி வாங்கும்போதே போட்டோ எடுத்து, அளவையும் அந்தப் போட்டோவுக்குக் கீழேயே போனில் எழுதி, வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிடுகிறேன். போன் போனாலும் கூகுள் கணக்கில் இருக்கும். அடுத்தவர் பொருளை வாங்கி வைக்கிற தொழில் எதுவானாலும், மிக்ஸி ரிப்பேர், நகை வேலை, டிரை கிளீனிங், இதைச் செய்யுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். எலக்ட்ரீஷியன் மீட்டர் பெட்டியையும் சுவிட்ச் போர்டுகளையும் திறந்து காயவைத்துப் பார்க்கட்டும். சேற்றை ஈரத்தோடு இருக்கும்போதே வழித்துவிட வேண்டும், காய்ந்தால் மண்வெட்டிக்கு வராது. மூலையில், அலமாரிக்கு அடியில், பானைக்குப் பின்னால் பாம்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கம்பால் தட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. தண்ணீர்த் தொட்டியை முழுதும் இறைத்துத் தேய்த்துக் கழுவிய பிறகு நிரப்பி, 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுப் புழங்குங்கள். குடிப்பதற்கு அதையும் கொதிக்கவைக்க வேண்டும். அப்புறம் சுவர். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் பல வீடுகளில் அவசரமாக பெயிண்ட் அடித்தார்கள். சித்திரையில் அப்படியே பொரிந்து உதிர்ந்தது, உள்ளே பூஞ்சைக் கறுப்பு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. அதுவரை சுண்ணாம்பு போதும். பிளைவுட் அலமாரி, கட்டில் ஊறி உப்பினதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. அதற்குக் கூலி கொடுத்து ஏமாறாதீர்கள்.

எங்கள் வீட்டில் அதிகப் பணம் தின்றது சேறு இல்லை, அத்தையின் கால். அத்தைக்குச் சர்க்கரை. மாத்திரையெல்லாம் தண்ணீரில் போய்விட்டது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று அத்தைக்கும் தெரியாது, மருத்துவ முகாமில் கேட்டபோது எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்றுதான் சொன்னோம். வெறுங்காலோடு சேற்றில் நடந்ததில் ஏதோ குத்தியிருக்கிறது, அத்தைக்கு உணர்ச்சி இல்லாததால் வலிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து நாற்றம் வந்தபோதுதான் பார்த்தோம். விரலை எடுக்கும்படி ஆகாமல் காப்பாற்றியதற்கு 40,000 ரூபாய் ஆனது. அது போனால் போகிறது, அத்தை இரவெல்லாம் "என்னால உனக்குச் செலவு மக்களே" என்று புலம்பியதுதான் தாங்க முடியவில்லை. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் செருப்பில்லாமல் ஓர் அடி எடுத்துவைக்க விடாதீர்கள், தினமும் பாதத்தை நீங்களே பாருங்கள். மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். இன்சுலின் வெயிலில் கிடந்திருந்தால் அதை நம்ப வேண்டாம். சேற்று வேலை செய்பவர்கள் எல்லோரும் டிடி என்கிற டெட்டனஸ் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வரும். அதற்கு முன்கூட்டியே கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பற்றி முகாம் டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நிவாரண வண்டிகள் வந்தன. எங்கெங்கோ இருந்து, முகம் தெரியாதவர்கள் ராத்திரி பகலாக வந்தார்கள். அவர்களை என்றும் மறக்க மாட்டேன். ஆனால் வண்டி மெயின் ரோட்டில்தான் நின்றது. ரோட்டோர வீடுகளுக்கு ஒரே நாளில் பல தடவை பிரெட், பிஸ்கட். உள்ளே வயல்காட்டுக்கு நடுவில் இருந்த காலனிக்கும், நடக்க முடியாதவர்களுக்கும், கூட்டத்தில் கைநீட்டக் கூச்சப்பட்டவர்களுக்கும் ஒன்றும் இல்லை. பழைய துணி மலையாகக் குவிந்தது. போட்டுக் கிழிந்த சேலை, ஒற்றைச் செருப்பு. அதை அப்புறப்படுத்துவதே தனி வேலையானது. ஒரு பெண்கள் குழு மட்டும் வீடு வீடாக வந்து, "அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று காதோடு கேட்டார்கள். மறுநாள் வாளி, விளக்குமாறு, பினாயில், கொசுவத்தி, மெழுகுவத்தி, புது உள்ளாடை, நாப்கின் என்று வீட்டுக்கு ஒரு பையாகக் கொண்டுவந்தார்கள். மாடியில் இருந்த நாட்களில் மாதவிலக்கு வந்த பெண்பிள்ளைகள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்குத்தான் அந்தப் பையின் அருமை தெரியும்.

அரசு நிவாரணம் என்று வரும்போது, யாருடைய பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதுதான் எல்லாம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கடுமையாகப் பாதித்த வட்டங்களின் ரேஷன் கார்டுகளுக்கு 6,000 ரூபாய், மற்ற வட்டங்களுக்கும் தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கும் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். எங்கள் கார்டு என் கணவரின் சொந்த ஊர் முகவரியில், தென்காசி மாவட்டத்தில் இருந்தது. கழுத்தளவு தண்ணீரில் மூழ்கிய வீட்டில் இருந்த எனக்குக் கிடைத்தது 1,000. மனு கொடுத்தேன், வரிசையில் நின்றேன், மனு எங்கே போனது என்றே தெரியவில்லை. வாடகை வீட்டில் இருக்கிறவர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன், ரேஷன் கார்டு முகவரியை இருக்கிற ஊருக்கு மாற்றிவிடுங்கள். ஆன்லைனிலேயே செய்யலாம். இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட, பழுதுபார்க்க என்று பிறகு அறிவித்த உதவிகளும் வீட்டுச் சொந்தக்காரர்களுக்குத்தான். அந்த உதவிகளில் குடியிருப்பவரின் பாத்திரமும் பீரோவும் கணக்கில் வராது. கடைச் சரக்குக்கு என்று மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளில் இழப்பீடே கிடையாது. கடைக்காரர்கள் அதை எதிர்பார்த்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் ஊர் விவசாயிகளிடம் கண்டதையும் சொல்கிறேன். பயிர் 33 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால்தான் நிவாரணம். நெல்லுக்கு அப்போது ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று வைத்தார்கள். குத்தகைக்கு உழுதவர், அடங்கல் என்கிற பயிர்ப் பதிவேட்டில் தன் பெயர் இல்லாததால், அழிந்தது தன் வாழையாக இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மாடு செத்தால் அப்போது 37,500 ரூபாய். ஆனால் நாற்றம் தாங்காமல் புதைத்துவிட்டவர்களால் நிரூபிக்க முடியவில்லை. காதில் போட்டிருக்கும் நம்பர் வில்லையோடு படம் எடுத்து, கால்நடை மருத்துவரையோ விஏஓவையோ பார்க்கவைத்துவிட்டுத்தான் புதைக்க வேண்டும். எந்த அலுவலகத்தில் மனு கொடுத்தாலும் இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் மனு கொடுத்ததாகவே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சான்றிதழ்கள் நனைந்தால் ஒட்டியிருப்பதைப் பிரிக்க இழுக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். நிழலில், காற்றில், இடையிடையே வெள்ளைத் தாள் வைத்துக் காயவிட்டால் தானாகப் பிரியும். லேமினேஷன் செய்தது பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஓரத்தில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் என் மகனின் சாதிச் சான்றிதழில் எழுத்தையே கரைத்துவிட்டது. தொலைந்த ஆவணங்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்தியது, கட்டணம் வாங்கவில்லை. அந்த முகாம்கள் கொஞ்ச நாள்தான் நடக்கும், முதல் வாய்ப்பிலேயே போய்விடுங்கள். பத்திரம் போனால் உயிரே போன மாதிரி அழ வேண்டாம், பதிவு செய்த பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும்.

பிறகு கடன். தண்ணீர் வடிந்து சேறு காயும் முன்பே, பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கிய நுண்கடனுக்கு வாரத் தவணைக்காரர்கள் வந்துவிட்டார்கள். குழுவில் ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் மேல் விழும், அதனால் உறவுக்குள்ளேயே சண்டை. அப்போது எங்களுக்குத் தெரியாதது: ரிசர்வ் வங்கி விதிப்படி நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தபந்தங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. பேரிடர் அறிவித்த பகுதியில் கடனை மாற்றியமைக்க, தவணையைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு வழி இருக்கிறது. ஆனால் அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள், நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும். தள்ளிவைப்பது தள்ளுபடி ஆகாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும். நான் சங்கிலியை அடகு வைத்து ஓவர்லாக் மெஷின் வாங்கினேன். புது மெஷின் இல்லை, பழையது. எல்லாம் கூட்டிப் பார்த்தால் சரக்கு, மெஷின், துணிக்குக் கொடுத்தது, ஆஸ்பத்திரி, பூட்டிக்கிடந்த கடைக்கு வாடகை என்று ஏறத்தாழ மூன்று லட்சம். அடகை இரண்டு தடவை வட்டி கட்டிப் புதுப்பித்தேன். அந்தக் கடன் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

மனசைப் பற்றியும் எழுத வேண்டும். முதல் மாதம் அழ நேரம் இருக்காது. மாசி, பங்குனியில், ஊர் பார்வைக்குச் சரியாகிவிட்ட பிறகு, எல்லோரும் "அதான் முடிஞ்சிருச்சே" என்று சொல்லும்போதுதான் எனக்கு ஒன்றும் முடியாமல் போனது. மெஷினில் உட்கார்ந்தால் கை ஓடாது. மகன் மழை பெய்தால் புத்தகப் பையைப் பரண் மேல் வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பான், தூங்க மாட்டான். பெரிய பிள்ளை, திரும்பப் படுக்கையை நனைத்தான். நான் திட்டவில்லை, பள்ளிக்கூடத்து டீச்சர் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். டெலி மானஸ் என்று 14416 எண், இலவசம், தமிழில் பேசலாம். நான் பேசினேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுவருஷம் மழைக்காலத்துக்கு முன்பே அவனையும் வைத்துக்கொண்டு, தண்ணீர் வந்தால் எதை முதலில் எடுப்பது, எந்த மாடிக்குப் போவது, யாருக்குப் போன் செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினோம். அதற்குப் பிறகுதான் அவன் தூங்கினான். கடையில் தண்ணீர் நின்ற கோட்டை அழிக்காமல் வைத்திருக்கிறேன். மோட்டார், துணி, நூல் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே இரும்பு ரேக்கில். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடிக்கையாளர் துணியை நிறையச் சேர்த்து வைப்பதும் இல்லை.

உதவி செய்ய நினைக்கிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். முதல் வாரம் ஆயிரம் பேர் வருவார்கள், நீங்கள் மூன்றாவது மாதம் வாருங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வாருங்கள், அப்போதுதான் ஃபீஸ் கட்டப் பணம் இருக்காது. என் கடை திரும்பத் திறந்ததற்குக் காரணம் மதுரையில் உள்ள ஒரு மொத்த வியாபாரி. நான் கேட்காமலே லைனிங், ஃபால்ஸ், நூல் என்று ஒரு மூட்டை கட்டி லாரியில் போட்டுவிட்டு, "வித்துட்டுக் குடும்மா, அவசரமில்ல" என்று போனில் சொன்னார். அது தானமாக வந்திருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். கடனாக வந்ததால் நான் தைத்தேன், விற்றேன், கொடுத்தேன், அடுத்த மூட்டை வந்தது. அந்த மாதிரி செய்யுங்கள். வெள்ளம் வந்த ஊர்த் தையல்காரிக்கு உங்கள் பள்ளிக்கூடத்தின் யூனிஃபார்ம் தைக்கிற வேலையைக் கொடுங்கள். வாழை போட்டவரிடம் அடுத்த அறுவடைக்கு முன்பணம் கொடுத்து வையுங்கள். தச்சருக்கு உளி, இழைப்புளி வாங்கிக் கொடுங்கள், கொத்தனாருக்குச் சாமான் வாங்கிக் கொடுங்கள். ஊருக்கு வரும் முன் ஊர்ச் சுகாதாரப் பணியாளரையோ பள்ளிக்கூட டீச்சரையோ கூப்பிட்டு, எந்தத் தெருவுக்கு இன்னும் யாரும் வரவில்லை என்று கேட்டுவிட்டு, அந்தத் தெருவுக்கு முதலில் போங்கள்.